வெறும் டம்ளர்

குடிநீர்த் திட்டக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கணும் என்று விதி. குழுத் தலைவர் சங்கரலிங்கத்துக்கா வழி தெரியாது? கூட்டம் தொடங்கியதும் பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுப்பார். "போதும்மா, போய் டீ போடுங்க" என்று அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்.

அன்றைக்கு, ஊருக்கு வரும் ஒரே குழாயை எங்கே வைப்பது என்று பேச்சு. தன் ரைஸ்மில் வாசலில் வைக்கத் தலைவருக்கு ஆசை. திட்ட அதிகாரியும் வந்திருந்தார். வழக்கம்போல் போட்டோ முடிந்தது, பெண்கள் எழுந்து போனார்கள்.

சற்று நேரத்தில் அந்தப் பெண்களில் ஒருத்தியான இருளாயி தட்டோடு வந்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். தலைவர் வாயில் கவிழ்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"என்ன இருளாயி, வெறும் டம்ளரைக் கொடுக்கிறே?"

"சும்மா பிடிச்சுக்கங்கய்யா, ஒரு போட்டோ எடுத்துக்கிடுறோம். பார்க்கிறவங்க டீ குடிச்சீங்கன்னுதானே நினைப்பாங்க!"

அதிகாரி தன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். காலியாகக் கிடந்த முன்வரிசையையும் பார்த்தார். "எல்லாரையும் கூப்பிடுங்கம்மா" என்றார்.

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். "தண்ணி தூக்குறது நாங்க. ஊர் நடுவுல வைங்க" என்று அடித்துச் சொன்னார்கள். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.

தலைவர் தன் வெறும் டம்ளரை நீட்டினார். "இப்பவாவது டீ வருமா?"

"தண்ணி கொதிக்குதுங்கய்யா. தூள் டப்பா பக்கத்துலயே இருக்கு" என்றாள் இருளாயி, நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே.