சுடாத முள்

"அத்தனை பேரும் தப்பா ஊதுதானுவ. நீ என்னையப் போயி குத்தம் சொல்லுத?"

இஞ்ஞாசி ட்ரம்பெட்டை நாற்காலியில் போட்ட வேகத்தில் நாற்காலி ஆடியது.

போலீஸ் பேண்டில் தலை நரைக்கும்வரை ஊதியவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, மாதா கோயில் பேண்டில் சேர்ந்திருந்தார். பேண்டை நடத்தும் ரோசாலிக்கு அவருடைய மகள் வயது. மற்றவர்கள் அவளை மாஸ்டர் என்றார்கள். அவர் வாயில் அது வரவில்லை.

அன்று சாயங்காலம் மாதா சப்பர ஊர்வலம். அவர் தெரு வழியாகத்தான் போகும். சொந்தபந்தம் எல்லாம் வாசலில் நிற்கும்.

"எல்லாரோடயும் சுருதி சேர்ந்து ஊதினாத்தான் சப்பரத்துக்கு முன்னால நிக்கலாம்" என்று ரோசாலி சொல்லிவிட்டாள். அதற்குத்தான் இந்தக் கோபம்.

"நீங்க சரின்னு எப்படித் தெரியும், அண்ணாச்சி?"

போனை நீட்டினார். அதில் சுருதி காட்டும் முள். ஒரு சுரம் ஊதினார். முள் நட்டநடுவில் நின்றது.

"பாத்தியா?"

"பாத்தேன். எல்லாரும் வெளியே வாங்க."

கோயில் முற்றத்து மணல் கொதித்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் பித்தளை எல்லாம் சுட்டது. சூடு ஏற ஏற, எல்லாருடைய சுருதியும் மெல்ல மேலே போயிற்று.

இஞ்ஞாசியுடையது மட்டும் போகவில்லை. போனைப் பார்த்துப் பார்த்து, ட்ரம்பெட்டின் குழாயை வெளியே இழுத்து, முள்ளை நடுவிலேயே நிறுத்திவைத்தார்.

பாட்டு கோணிக்கொண்டு போயிற்று.

"அண்ணாச்சி, ஆட்டை அறுக்கீங்களா?" பெரிய பேஸ் வாத்தியத்தைச் சுமந்திருந்த லூர்து கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"லேய், வாயை மூடு! முள்ளு பொய் சொல்லுமா?"

"சொல்லாது," என்றாள் ரோசாலி. "முள்ளுக்குச் சுடுமா, அண்ணாச்சி?"

போனை அவர் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குடு இப்படி!"

"லூர்து முதுகுக்குப் பின்னால நில்லுங்க. அவன் சத்தம் உங்க காதுல விழணும். விழலைன்னா சப்பரம் இல்ல."

எல்லாரும் ஒரே சுரத்தை நீட்டி ஊதினார்கள்.

வாயில் ட்ரம்பெட் மட்டும் இல்லாதிருந்தால் இஞ்ஞாசியிடமிருந்து கெட்ட வார்த்தை வந்திருக்கும். லூர்துவின் சத்தம் கேட்க வேண்டுமென்றால் தன் சத்தத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்தார்.

அப்போதுதான் காதில் பட்டது. இரண்டு சத்தமும் உரச, இடையில் ஒரு நடுக்கம்.

குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். நடுக்கம் தணிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

நடுக்கம் நின்றது. அவர் சத்தமும் காணாமல் போயிற்று.

சட்டென்று வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். முகம் சிவந்திருந்தது.

"போதுமா? என் சத்தமே இல்லாம ஆக்கிட்டே! சப்பரத்துல நான் ஊதுதேன்னு எவனுக்குத் தெரியும்?"



அவர் கத்துவதற்கு முன்பே பேண்ட் நின்றுபோயிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூர்து சிரிக்கவில்லை.

"என்னலே பாக்கிய?"

அவர் குரல் இறங்கியது.

"நான் ஊதினது கேட்டுச்சா... மாஸ்டர்?"

"இல்ல, அண்ணாச்சி. நிறுத்தினது கேட்டுச்சு."