தும்பையின் கடிவாளம்

கேளுங்கள். ஆறுகளுக்குப் பாலம் கட்டாத காலம் அது. நெடுங்குன்றம் என்ற சிறு நாட்டை மழவேள் என்ற அரசன் ஆண்டான்.

ஒரு மார்கழிக் காலையில் அவனுடைய குதிரை லாயத்து முற்றத்தில் கூடியிருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அரசன் ஒருவன். அமைச்சர் ஒருவர். கடிவாளம் அடிக்கும் கொல்லன் பூதன் ஒருவன். ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த தூதர் மூவர். லாயத்து ஆட்கள் அறுவர். ஆக மொத்தம் பன்னிரண்டு பேர். நடுவில் ஒரு வெள்ளைக் குதிரை. அதன் பெயர் தும்பை.

லாயத்து ஆட்கள் தங்களை எண்ணும்போது ஐவர் என்றே எண்ணுவார்கள். ஆறாமவன் கொற்றன். அவன் யாரோடும் பேசமாட்டான். அவனோடும் யாரும் பேசமாட்டார்கள். உற்றார் இல்லை, ஊர் இல்லை. தும்பை கப்பலிலிருந்து இறங்கி நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அந்த நாற்பத்தொரு நாளும் கொற்றன் பேசினான், அவளிடம் மட்டும். அவள் காதைத் திருப்பிக் கேட்டாள்.

ஆற்றுக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட அரசனின் மகளுக்குச் சீராகப் போகவேண்டிய குதிரை அது. ஆனால் ஒரு நிழல் விழுந்தாலே அதன் தோல் சிலிர்க்கும். வாயில் கடிவாளம் ஏறினால் தலையை உதறும். கடிவாளம் ஏற்காத குதிரையை எப்படிச் சீராகக் கொடுப்பது? ஆகவே பூதன் மூன்று கடிவாளங்கள் செய்து கொண்டுவந்திருந்தான்.

முதல் கடிவாளம் தடித்த இரும்பு. தும்பையின் வாயோ சிறியது; உதடுகளை மூட முடியவில்லை. அவள் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முட்டினாள்.

இரண்டாம் கடிவாளம் மெல்லிய முறுக்கு இரும்பு. திமிர் பிடித்த குதிரைக்கு இதுதான் மருந்து என்றான் பூதன். அவள் முன்கால்களைத் தூக்கி நின்றாள். வாயோரம் நுரையில் சிவப்பு கலந்தது.

மூன்றாம் கடிவாளம் வழுவழுப்பானது. நாக்குக்கு இடம் விட்டு நடுவில் இலேசாக வளைந்தது. பூதன் பன்னிரண்டு நாள் உழைத்துச் செய்தது. குளிர்ந்த இரும்பு பல்லில் பட்டால் எந்தக் குதிரையும் கூசும். அதனால் மார்கழியில் லாயத்து ஆட்கள் கடிவாளத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிப் போடுவார்கள். கொற்றன் அதை எடுத்துத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டான்.

மற்ற ஐவரும் சிரித்தார்கள். "என்ன கொற்றா, கஞ்சிக்கு முன்னே இரும்பா? பார்த்துக் கடி, அரண்மனைச் சொத்து."

இரும்பின் நடுவில் ஏதோ கொற்றனின் நாக்கைக் கீறியது. அவன் அப்படியே நின்றான். அது என்னவென்று புரிவதற்குள் பூதன் கடிவாளத்தைப் பிடுங்கிக் குதிரைக்குப் பூட்டினான். கடிவாள வாரை இழுத்ததும் தும்பை கனைக்கவில்லை, உதைக்கவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கி முழங்கால் மடங்கி விழுந்தாள்.

தூதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடிவாளத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு அமைச்சர் முடிவு சொன்னார்.

"இதன் கண்ணைக் கட்டி எண்ணெய்ச் செக்கில் பூட்டுங்கள். ஓட்டுவதற்குக் கொற்றன் போகட்டும். அவனைத்தான் இது கிட்டே விடுகிறது."

கொற்றன் மூன்று விஷயங்களை நினைத்தான்.

செக்கு லாயத்துக்குப் பின்னால் நாற்பது அடி தூரத்தில்தான் இருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சாகும்வரை தும்பை தன்னோடு இருப்பாள்.

வாயைத் திறந்தால், அவள் ஏழு நாள் வழி கடந்து போய்விடுவாள். சீராகக் கொடுத்த குதிரையோடு பழைய ஆள் போவதில்லை. பழைய குரல் கேட்டுக்கொண்டிருந்தால் குதிரை புது வீட்டில் தரிக்காது என்பது அந்த நாட்டு வழக்கம்.

மூன்றாவதாக, நிழலைக் கண்டே நடுங்குகிறவள் கண்ணைக் கட்டிய இருட்டில் சுற்றிச் சுற்றி நடப்பதை நினைத்தான்.

அவன் முன்னே வந்து கும்பிட்டான். நாற்பத்தொரு நாளில் மனிதரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அரசே, குறை குதிரையிடம் இல்லை. முத்திரை நாக்கில் குத்துகிறது."

அந்த முத்திரையின் கதை இது. அரண்மனைக் கடிவாளம் ஒவ்வொன்றிலும் அரச முத்திரையான சேவல் இருக்கவேண்டும். முன்பு அதைப் பக்க வளையத்தில் அடித்தார்கள். கைபட்டுக் கைபட்டுச் சேவல் தேய்ந்தது. அரசின் அடையாளம் தேய்வது இழுக்கு என்று மழவேளின் பாட்டன் நினைத்தான். கை படாத இடத்தில் அடிக்கச் சொன்னான். கை படாத இடம் வாய்க்குள் போகும் இரும்பின் நடுப்பகுதி. அங்கே நாக்கு படும் என்பதை யாரும் நினைக்கவில்லை.

அமைச்சர் சீறினார். முத்திரையைக் குறை சொன்ன நாக்கு இருக்கத் தகுந்ததா என்று கேட்டார். தன் பாட்டன் அடித்த இடத்தில்தான் தானும் அடித்ததாகப் பூதன் சொன்னான்.

அரசன் மூன்றாம் கடிவாளத்தை வாங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டான். வாரைக் கொற்றனிடம் நீட்டி, இழு என்று கண்ணால் காட்டினான். கொற்றன் ஒரு விரல் அளவு இழுத்தான். உடனே அரசன் கையை உயர்த்தினான். கடிவாளத்தை எடுத்தபோது அவன் கண்ணில் நீர் நின்றது.

"மற்ற குதிரைகள் ஏன் சொல்லவில்லை?"

"அவற்றின் நாக்கு காய்த்துவிட்டது, அரசே. இவளுக்கு இன்னும் காய்க்கவில்லை."

அரசன் சொல்லப் பூதன் அரத்தை எடுத்தான். அவனுக்கு மனமில்லை. ஆனாலும் சேவல் இருந்த இடம் கண்ணாடிபோல் ஆகும்வரை அராவினான். கொற்றன் இரும்பைச் சூடாக்கி, அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே பூட்டினான். தும்பை இரண்டு முறை மென்றாள். மூன்றாம் முறை தலையைத் தாழ்த்தினாள். வாரைத் தளர்த்திப் பிடித்ததும் முற்றத்தை ஒரு சுற்று நடந்தாள்.

என்ன வேண்டும் என்று அரசன் கேட்டான். கொற்றன் தூதர்களைப் பார்த்துச் சொன்னான்:

"ஐயா, குளிர் நாளில் இரும்பைச் சூடாக்கிப் போடுங்கள். கையில் தேய்த்தாலே போதும்."

அவர்களில் மூத்தவர் அப்படியே செய்வதாக வாக்குக் கொடுத்தார்.

வெயில் ஏறுமுன் தூதர் மூவரும் தும்பையோடு புறப்பட்டார்கள். கொற்றன் அவளைக் கூப்பிடவில்லை. குரல் கேட்டால் அவள் நின்றுவிடுவாள். அரசனும் அமைச்சரும் உள்ளே போனார்கள். பூதன் மற்றக் கடிவாளங்களின் முத்திரைகளையும் அராவ உலைக்களத்துக்குப் போனான். லாயத்து ஆட்கள் ஐவர் கஞ்சி குடிக்கப் போனார்கள்.

கேட்டவர்களே, நாம் நேசிக்கும் உயிர் நம் அருகில் இருப்பதைவிட அது நலமாக இருப்பதே பெரிது என்று நினைப்பதுதான் அன்பு.

முற்றத்தில் மிஞ்சியவர் ஒருவர்.