பதினேழாவது கேபிள்

“இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிடலாம் டீச்சர். கூடவே என்னையும்.”

லூர்து மச்சாடு இப்படிச் சொன்னபோது காலை பதினொரு மணி. ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் சர்வர் அறை. ஏசி குளிர் எலும்பு வரை இறங்கியது. அவருக்கு மட்டும் வேர்த்துக்கொண்டிருந்தது.

மச்சாடுக்கு ஐம்பத்தொரு வயது. தூத்துக்குடியில் இருபத்தாறு வருஷம் டெலிபோன் கேபிள் இணைத்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பூங்கோதை டீச்சரின் மாலை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நெட்வொர்க் வேலை படித்தார். வகுப்பில் அவர்தான் மூத்தவர். டீச்சருக்கு முப்பத்தாறு.

தனியாக எடுத்த முதல் வேலை இது. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபயர்வால் பெட்டி பொருத்தித் தர வேண்டும். உள்ளே வருவதும் வெளியே போவதும் இனி அந்தப் பெட்டியைத் தாண்டித்தான். யாரை விடலாம் என்று அதற்கு வரிவரியாக விதி எழுதிக் கொடுக்க வேண்டும். விதியில் இல்லாதவர் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

பெட்டியை மாட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. தாங்க முடியாமல் டீச்சரை வரவழைத்திருந்தார்.

“பெட்டிக்கு என்ன?” என்று கேட்டார் டீச்சர்.

“பெட்டிக்கு ஒண்ணுமில்ல. அது பாட்டுக்கு இருக்கு. இந்த மனுசங்களைத்தான் தாங்க முடியல.”

“எத்தனை விதி எழுதியிருக்கீங்க?”

“நாப்பத்தொண்ணு.”

“வாசிங்க அண்ணாச்சி.”

மச்சாடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“முதல் விதி, நிர்வாகி ரூம். எல்லாத்துக்கும் அனுமதி.”

“ஏன்?”

“வந்து மேசையில அடிச்சாரு.”

“நாலாவது?”

“எலும்பு டாக்டர். கிரிக்கெட் வரலையாம். ஆபரேஷனுக்கு நடுவுல நர்ஸை அனுப்பிக் கேட்டாரு.”

“ஒன்பது?”

“மருந்துக் கடை. பில் போகல. அது நியாயம்.”

“பதினாலு?”

“கேன்டீன். பாட்டு.”

“கேன்டீனுக்கு எதுக்குப் பாட்டு?”

“கேன்டீன்காரரு நிர்வாகிக்கு மச்சினன், டீச்சர்.”

டீச்சர் சிரிக்கவில்லை. “நாப்பத்தொண்ணும் கத்தினவங்க பேருதானா?”

“பின்னே எப்படித் தெரியும்? முதல்ல எல்லாத்தையும் மூடு, தேவையானதை மட்டும் திற. நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

“ஆமா.”

“அதைத்தான் செஞ்சேன். தேவையிருக்கிறவன் வந்து கேக்கான். திறந்து விடுதேன். கேக்காதவனுக்குத் தேவையில்ல. இதுல நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?”

டீச்சர் பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். நிதானமாகக் குடித்தார்.

இதுதான் மச்சாடுக்கு ஆகவே ஆகாது. வகுப்பிலும் இந்தக் கதைதான். நாலு கேபிளில் எது கெட்டது என்று ஒருநாள் கேட்டதற்கு, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர். ஒரு வார்த்தை சொன்னால் வாயா தேய்ந்துவிடும்?

“டீச்சர், நான் விளையாட்டுக்குச் சொல்லல. பன்னிரண்டு மணிக்கு நிர்வாகிக்கு வீடியோ மீட்டிங். அது நின்னுச்சுன்னா என்னை மாடியிலேருந்து தள்ளி விட்டுருவாரு. ஒரு வழி சொல்லுங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கிடச் சொல்லிட்டு நான் போறேன்.”

“தடுத்ததைக் காட்டுங்க.”

“எதை?”

“இந்தப் பெட்டி யாரை எல்லாம் விடலையோ, அந்தப் பட்டியலை.”

மச்சாடு பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் காட்டினார். வெளியிலிருந்து வந்து முட்டியவை ஆயிரக்கணக்கில் இருந்தன. “எல்லாம் கள்ளப்பயலுவ,” என்றார்.

“உள்ளேயிருந்து வெளியே போகப் பாத்தது?”

அந்தப் பட்டியல் சின்னது. டீச்சரின் விரல் திரையில் மெல்ல இறங்கியது. ஓரிடத்தில் நின்றது.

உள்ளே ஏதோ ஒன்றின் எண், திரும்பத் திரும்ப. மணி பத்து ஐம்பது. பத்து ஐம்பத்தைந்து. பதினொன்று. பதினொன்று ஐந்து. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் சிவப்பாக, அனுமதி இல்லை.

“எப்போலேருந்து?”

மச்சாடு பின்னால் நகர்த்திப் பார்த்தார். நகர்த்திக்கொண்டே போனார். பெட்டி மாட்டிய திங்கள்கிழமை மதியத்திலிருந்து இருந்தது. எண்ணூற்றுச் சொச்சம் தடவை.

“இது யாரு?”

“தெரியல. ஏதாவது வைரஸா இருக்கும். மனுசனா இருந்தா இந்நேரம் வந்து என் சட்டையைப் பிடிச்சிருப்பான்.”

“யாருன்னு பாத்துட்டு வாங்க.”

“இப்பவா?”

அந்த நேரம் பார்த்து மேசைமேல் அவருடைய போன் அடித்தது. நிர்வாகி.

“பாத்தீங்களா? கூப்பிடுதாரு. மீட்டிங்கை விட்டுட்டு இதைத் தேடிக்கிட்டு அலையச் சொல்லுதீங்க.”

டீச்சர் போனை எடுத்தார். அதைக் குப்புற வைத்தார். மோரை மறுபடி திறந்தார்.

மச்சாடு எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் இடித்தது.

அந்த எண் பதினேழாவது கேபிளில் உட்கார்ந்திருந்தது. மற்ற கேபிள்களில் எல்லாம் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பதினேழில் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லை. கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டியதுதான்.

அந்த வேலை அவருக்குத் தெரியும். கேபிள் கூரையை ஒட்டிய தட்டில் நாற்பது கேபிளோடு கேபிளாக ஓடியது. எக்ஸ்ரே அறையைத் தாண்டி வளைந்தது. படிக்கட்டுச் சுவரில் இறங்கியது. அவரும் முனகிக்கொண்டே இறங்கினார்.

பாதிப் படியில் எலும்பு டாக்டர் எதிர்ப்பட்டார். “மச்சாடு, கிரிக்கெட் நின்னு நின்னு வருது.”

“வாரேன் டாக்டர்.”

கேபிள் தரைத்தளத்துக்கு வந்து, லேப் வராந்தாவின் கடைசியில் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. கதவில் ரத்த சேமிப்பு அறை என்று எழுதியிருந்தது. உள்ளே ஆளில்லை. கண்ணாடிக் கதவு வைத்த உயரமான ஃப்ரிட்ஜ் ஒன்று. அதன் முதுகில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. கேபிள் அதில் போய் முடிந்தது.

ஒரு ஃப்ரிட்ஜ்.

இதற்காகவா மாடியிலிருந்து இறங்கி வந்தோம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிக் கதவுவரை போய்விட்டார்.

ஃப்ரிட்ஜின் நெற்றியில் 5.7 என்று எரிந்துகொண்டிருந்தது. அவர் பார்க்கும்போதே 5.8 ஆனது.

கதவில் ஒரு அட்டை தொங்கியது. காலை ஏழு மணி, 4.1. முத்து முத்தான கையெழுத்து. அதன் அடியில் சிவப்பில் அச்சிட்டிருந்தது: 2 முதல் 6 வரை மட்டும்.

மச்சாடு ஃப்ரிட்ஜின் விலாவில் உள்ளங்கையை வைத்தார். துடிப்பில்லை. காதை வைத்தார். சத்தமில்லை.

“யாரு சார் நீங்க?”

பக்கத்து அறையிலிருந்து கையுறையோடு ஒரு பெண் வந்தார். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் செண்பகவல்லி, டெக்னீஷியன் என்று இருந்தது.

“இது ஓடலையேம்மா,” என்றார் மச்சாடு.

செண்பகவல்லி எண்ணைப் பார்த்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து இரண்டு ஐஸ் பெட்டிகளை இழுத்தார். “பிடிங்க சார்.”

அவர் பிடித்தார். அந்தப் பெண் பைகளை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கினார். பன்னிரண்டு. பிறகு மேல்தட்டில் தனியாக வைத்திருந்த இரண்டு பைகள்.

“இது பிரசவ வார்டுக்கு. ஓ நெகட்டிவ். மத்தியானம் ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன். திருநெல்வேலியிலேருந்து நேத்துதான் வந்துச்சு. ஊர்ல வேற எங்கேயும் இல்ல.”

கடைசிப் பை ஐஸுக்குள் போய் மூடி இறங்கியபோது ஃப்ரிட்ஜில் 5.9.

“ஆறு தாண்டல,” என்றார் செண்பகவல்லி. ஸ்டூலில் உட்கார்ந்தார். “தப்பிச்சுட்டு.”

“சூடு ஏறினா மணி அடிக்காதாம்மா?”

“மணி போன வருசமே கெட்டுப் போச்சு சார். அதுக்குப் பதிலாத்தான் பின்னால அந்த வெள்ளைப் பெட்டியை வச்சாங்க. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா டிகிரியை வெளியே எங்கேயோ அனுப்பும். அஞ்சரையைத் தாண்டிச்சுன்னா அங்கேயிருந்து என் போனுக்கு மெசேஜ் வரும்.”

மச்சாடு அந்த வெள்ளைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் போனை வாங்கித் மாடியில் விட்டு வந்த தன் போனுக்கே அடித்தார். டீச்சர் எடுத்தார்.

“டீச்சர், பதினேழைத் திறந்து விடுங்க.”

“யாரது?”

“ரத்தம்.”

அந்தப் பக்கம் விசைகள் தட்டப்படும் சத்தம் மட்டும் வந்தது. இணைப்பு நின்றது.

போனைத் திருப்பிக் கொடுத்த சற்று நேரத்தில் அது செண்பகவல்லியின் கையிலேயே டிங் என்றது. காலி ஃப்ரிட்ஜிலிருந்து மெசேஜ், 6.2. அவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

“மூணு நாளா ஒரு மெசேஜும் வரல சார். எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு இருந்துட்டேன்.”

மச்சாடு ஐஸ் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“நானுந்தாம்மா,” என்றார்.