மணி விழுந்த சொற்கள்

கவனகக் கலையில் எட்டுப் பேர் சேர்ந்து ஒருவரைப் பிய்த்தெடுப்பார்கள். ஒருவர் மணி அடிப்பார். ஒருவர் அவர் தோளில் கூழாங்கல் எறிவார். இன்னொருவர் பாட்டுக் கட்டச் சொல்லுவார். கவனகர் எதையும் எதோடும் கலக்காமல் மனதில் வைத்திருந்து, கடைசியில் மணி எத்தனை, கல் எத்தனை என்பது வரை எல்லாவற்றையும் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும்.

தன் அப்பாவுக்குப் பிறகு அந்தக் கலைக்கு ஆசான் ஆனவள் வடிவாம்பாள். முப்பது வயதுதான். சீடர்களில் மூத்தவர் ஆவுடையப்பன். தலையெல்லாம் வெள்ளை.

விடிந்தால் கோயில் மண்டபத்தில் அவருக்கு மேடை. ஒத்திகையில் தவறிவிட்டார். பாட்டில் அடுத்த அடி கேட்டவரிடம் மணியின் கணக்கைச் சொல்லிவிட்டார்.

மணி அடித்த பேச்சிமுத்து சிரித்தான். "அண்ணாச்சி, மூளையும் ரிட்டயர் ஆயிட்டு போல!"

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் போனபின் ஆசான் முன்னால் வந்து நின்றார். பேச்சிமுத்து மட்டும் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நான் ஏறலைம்மா. முன்னெல்லாம் மணி தனியா நிக்கும், கல்லு தனியா நிக்கும். இப்போ ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒழுகுது. இன்னிக்கு மணி போச்சு. அப்புறம் பெத்த பிள்ளை பேரும் போயிருமோன்னு பயமா இருக்கு."

வடிவாம்பாள் கூழாங்கற்களைக் கையில் அள்ளிக்கொண்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. மழையைப் பத்தி ஒரு பாட்டு கட்டுங்க. பேச்சிமுத்து, நீ மணி அடி. நான் கல்லு போடுதேன்."

அவர் கட்டினார். முன்பைவிட மெல்ல. நடுநடுவே கல் விழுந்தது, மணி ஒலித்தது.

"மணி எத்தனை?"

"தெரியலை."

"கல்லு?"

"தெரியலைம்மா."

"பாட்டைச் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். ஒரு சொல்லில் தோள் சுரீர் என்றது, கல் இப்போதுதான் விழுந்த மாதிரி. இன்னொரு சொல்லைத் தொட்டதும் காதுக்குள் மணி அதிர்ந்தது. மேகம் என்றால் மணி. ஓடை என்றால் கல். நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. பாட்டு தன்போக்கில் ஓடி முடிந்தது.

கண்ணைத் திறந்தார். எதிரே பேச்சிமுத்து விரல்களை மடக்கி எண்ணியபடி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி, நான் அடிச்ச ஒவ்வொரு இடத்துலயும் உங்க இமை துடிச்சுது. ஒண்ணுகூட விட்டுப்போகலை."

"கல்லு விழுந்த இடத்துல எல்லாம் தோள் துடிச்சுது," என்றாள் வடிவாம்பாள்.

"நான் எண்ணவே இல்லையேம்மா! இது என்ன, நோவா?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எனக்குள்ள பாட்டு ஒரு அறையில இருக்கு, மணி ஒரு அறையில இருக்கு. நடுவுல சுவரு. சுவர் இல்லாத வீட்டுக்குள்ள நான் இன்னும் போனதில்லை."

ஆவுடையப்பன் மெல்லக் கேட்டார்.

"மேடையில எத்தனைன்னு கேப்பாங்களேம்மா? எனக்கு வராதே."

"பாட்டைச் சொல்லுங்க. உங்க இமையையும் தோளையும் பாத்து எண்ணுறது அவங்க பாடு."