வேங்கை பேச்சை நிறுத்திய கதை

மரங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வேங்கையை வெட்டினால் வெறும் தண்ணீர்தான் கசியும். பொழுது சாய்வதற்குள் காயம் ஆறிவிடும். ஆறும்வரை மரம் வெட்டியவனைத் திட்டித் தீர்க்கும், அவ்வளவுதான். இப்போது எந்த மரம் நம்மைத் திட்டுகிறது? அப்படித் திட்டு வாங்கியவர்களெல்லாம் கொடுத்துவைத்தவர்கள்.

மேற்கு மலையில் கரியான் என்றொருவன் இருந்தான். மரத்தில் அகப்பையும் குவளையும் செதுக்குவது அவன் தொழில். கிழக்கு மலையிலிருந்து சீரங்கி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். நல்ல கெட்டிக்காரி. ஆனால் புகுந்த ஊர்த் தண்ணீர் மட்டும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாயில் வைத்ததுமே குமட்டும். பிறந்த ஊரில் ஒரு வேங்கை மரத்தடியில் சுனை இருந்தது. அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவள் அவள்.

கரியான் சுரைக்குடுக்கையில் அந்தச் சுனைத் தண்ணீரைச் சுமந்து வந்து பார்த்தான். இரண்டு மலை ஏறி இறங்குவதற்குள் அது சூடேறிச் சுரைக்காய் வாடை அடித்தது. சீரங்கி நாளுக்கு நாள் வற்றிப்போனாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், பாயோடு பாயாகக் கிடந்தாள்.

"இப்படியே விட்டா உசுரு தங்காது மாமா" என்று அவளே சொன்னாள்.

கரியான் மரம் செதுக்கும் வாச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே அந்த வேங்கையிடம் போய் நின்றான்.

"வாங்க மாப்ளே" என்றது வேங்கை. "எங்க புள்ள எப்படி இருக்கா? இன்னமும் குப்புறப் படுத்து, மாடு மாதிரி வாய் வச்சுத்தான் குடிக்கிறாளா?"

"குடிக்கவே மாட்டேங்கறா அத்தே" என்றான்.

வேங்கை ஒரு கிளையை அவன் பக்கம் தாழ்த்தியது. பிறகு சொன்னது: "என் வேரு இந்தச் சுனைக்குள்ளதான் கெடக்கு. தண்ணியோட ருசியெல்லாம் என் ஒடம்புல இருக்கு. எளங்கிளையில எல்லாம் உள்ள ருசிய இந்த ஒரு கிளைக்கு எறக்கித் தரேன். பச்சையாவே கொடஞ்சு குவளை பண்ணுங்க. எந்தத் தண்ணிய ஊத்துனாலும் சுனைத் தண்ணியா ஆயிடும். ஒண்ணே ஒண்ணு, குவளை காயவே கூடாது. எப்பவும் தண்ணி நெறஞ்சிருக்கணும்."

கரியான் கிளையை வெட்டி அங்கேயே உட்கார்ந்து செதுக்கினான். "அடி கனமா இருக்கு மாப்ளே, இதென்ன உரலா?" என்று வேங்கை கேலி செய்துகொண்டே இருந்தது. சீரங்கி சின்னவளாக இருந்தபோது கிளையில் ஏறிக்கொண்டு இறங்கத் தெரியாமல் அழுத கதையைச் சொன்னது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும்தான் அவனுக்குப் புத்தி குறுக்கே போனது. அவன் ஊரில் எதைச் செதுக்கினாலும் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகையில் காயவிடுவார்கள். அதில்தான் பச்சை வாடை போகும். பச்சைக் குவளையில் ஊற்றினால் கசந்துவிடுமே, ஏற்கனவே குமட்டுகிறவள் ஆயிற்றே என்று நினைத்தான். செதுக்குவதைப் பற்றி மரத்துக்கு என்ன தெரியும் என்றும் ஒரு நினைப்பு. குவளையைப் பரணில் வைத்தான். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால், விளிம்பிலிருந்து அடிவரை வெடித்துக் கிடந்தது.

தலையில் அடித்துக்கொண்டு திரும்ப ஓடினான்.

"சொன்ன பேச்சக் கேக்கற சாதியா நீங்க?" என்றது வேங்கை. ஆனால் அதிகம் திட்டவில்லை. "எளங்கிளையில இருந்ததெல்லாம் அதோட தீந்துபோச்சு. இனி என் நடுமரத்து வைரத்துலதான் அந்த ருசி இருக்கு. ஆழமா வெட்டணும். எங்க வேங்கைக் கூட்டத்தோட பேச்சும் அந்த வைரத்துக்குள்ளதான் இருக்கு மாப்ளே."

கரியான் வாச்சியைக் கீழே போட்டான். "அப்ப வேணாம் அத்தே. நான் வேற வழி பாக்கறேன்."

"வேற வழி இருந்தா இவ்வளவு தூரம் ஏன் ஓடியாந்தீங்க? எடுங்க வாச்சிய."

"அவளுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்ல வேண்டியத நானே அவகிட்ட சொல்லிக்கறேன். வெட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு வெட்டினான். திறந்தபோது காயத்திலிருந்து செக்கச்செவேலென்று வடிந்துகொண்டிருந்தது. "அத்தே" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. இந்த முறையும் மரத்தடியிலேயே உட்கார்ந்து குடைந்தான். அடி கனமாக இருக்கிறதா என்று சொல்ல யாரும் இல்லை. செதுக்கிய சிராயெல்லாம் அவன் கண்ணீரில் நனைந்தது.

குவளையைச் சுனையில் முக்கி நிறைத்துக்கொண்டு புறப்பட்டான். வழியில் சிந்தச் சிந்த, குறுக்கிட்ட ஓடையில் எல்லாம் நிறைத்துக்கொண்டான். வீடு வந்து சேர்ந்தபோது அதில் இருந்தது பெரும்பாலும் மேற்கு மலைத் தண்ணீர்தான். ஆனால் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. வெயில் பட்ட ஓரத்தில் நீலமாக மினுங்கியது.

சீரங்கி ஒரு வாய் குடித்தாள். துப்பவில்லை. மூச்சுவிடாமல் முழுவதையும் குடித்து முடித்து, குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"எங்க சுனைத் தண்ணி மாமா! வேங்கையாத்தா என்ன சொல்லி அனுப்புனா?"

கரியான் தங்கள் ஊர்த் தண்ணீரை எடுத்து அந்தக் குவளையில் ஊற்றினான். இருவரும் பார்த்துக்கொண்டே இருக்க, நிறமில்லாத அந்தத் தண்ணீரில் மெல்ல மெல்ல நிறம் ஏறியது. சீரங்கிக்குப் புரிந்துவிட்டது. குவளையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஆத்தா இனி வாயால பேச மாட்டா மாமா, இதுலதான் சொல்லுறா" என்றாள்.

வேங்கை பேச்சை நிறுத்தியதும், அதை வெட்டினால் ரத்தமாக வடிவதும், வேங்கைக் குவளையில் எந்த ஊர்த் தண்ணீரை ஊற்றி வைத்தாலும் அது நிறம் மாறுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.