சின்ன லேப்டாப் ஊமையான கதை

அந்தக் காலத்தில் லேப்டாப்புகளுக்கு வாய் இருந்தது. சும்மா வாய் இல்லை, கடையில் விலை பேசும்போதே குறுக்கே விழுந்து பேசும் வாய். பெரிய லேப்டாப்புகளின் வயிற்றில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். கணக்குப் போட ஒருவன், படம் வரைய கிராபிக்ஸ்காரன் ஒருவன். சின்ன லேப்டாப்பிலோ காசுக்கேத்த தோசைதான். உள்ளே ஒரே ஒரு ஒண்டிக்கட்டை. கணக்கும் அவன்தான், படமும் அவன்தான், பேச்சும் அவன்தான். பாவம், எத்தனை வேலையைத்தான் பார்ப்பான்!

அப்படி ஒன்றைத் தூத்துக்குடியில் பிரகாசி என்பவள் வாங்கினாள். அவள் புருஷன் ததேயு சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். கப்பல் கரை தொட்டால்தான் வீடியோவில் அவன் முகம் தெரியும். பிள்ளை குட்டி கிடையாது. பேச்சுத் துணைக்கு அந்த லேப்டாப்தான். குழம்பில் உப்பு கூடிப்போனதிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்லுவாள். அதுவும் சளைக்காமல் "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் ததேயு வீடியோவில் அழைத்தான். கப்பல் மறுபடி நடுக்கடலுக்குப் போகிறது, இனி மாசக்கணக்கில் பேச முடியாது என்றான்.

"ஊருக்கு எப்ப வருவீங்க?" என்று கேட்டாள் பிரகாசி.

அவன் பதில் சொல்லத் தொடங்கியதும் படம் திக்கித் திக்கி நின்றது. குரலும் துண்டு துண்டாய் வந்தது.

"ஏலே, என்னல ஆச்சு?" என்று லேப்டாப்பைப் பார்த்துப் பதறினாள்.

"உடம்பெல்லாம் கொதிக்குதுக்கா. முகத்தையும் வரையணும், குரலையும் கொண்டாரணும். ஒத்தையாளா என்னால முடியல. எதையாவது விட்டுறட்டுமா?"

"முகத்தை விடு. எனக்குத் தெரியாத முகமா? குரலைக் கொண்டா."

ததேயுவின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றது. ஆனாலும் குரல் தெளியவில்லை.

"இனி விடுறதுக்கு என் பேச்சுதான்கா இருக்கு. விட்டா திரும்பக் கிடைக்காது. சொல்லுக்கா, விடட்டுமா?"

பிரகாசி உறைந்து நின்ற புருஷன் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. சரி என்று தலையை ஆட்டினாள்.

குரல் கணீரென்று வந்தது. "இந்தக் கிறிஸ்மஸுக்கு வர முடியாது பிரகாசி. இன்னும் ஒரு வருஷம் நீட்டிட்டாங்க. அழாத, என்ன? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க" என்று பொய் சொன்னாள். அழைப்பு முடிந்தது.

"கேட்டியால, அவரு சொன்னதை? இன்னும் ஒரு வருஷமாம்" என்று லேப்டாப்பிடம் சொன்னாள். "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று அது கேட்கவில்லை. உள்ளே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இனி உப்பு கூடினாலும் குறைந்தாலும் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

அன்று முதல்தான் சின்ன லேப்டாப்பில் வீடியோ பேசும்போது முகம் உறைந்து நின்றாலும் குரல் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஃபேன் இரைகிறதே, அது அவளுக்குப் பதில் சொல்லப் பார்ப்பதுதான்.