புழுக்கத்துக்கு வந்த விருந்தாளிகள்

சொட்... சொட்... சொட்...

மழையா என்றால் மழை இல்லை. கடலோரத்தில் ஒரு காட்டில், காற்றில் கலந்திருந்த ஈரம்தான் இரவெல்லாம் இலைகளில் கோத்து, விடிந்ததும் சொட்டிக்கொண்டிருந்தது.

குழந்தைகளே, அந்தச் சத்தத்தைக் காது விடைக்கக் கேட்டபடி இரண்டு நரிகள் காட்டுக்குள் வந்தன. செவலை என்பவன் கணவன், மயிலை என்பவள் மனைவி. புல்லும் கருகும் பொட்டல்காடு அவர்கள் ஊர். தண்ணீருக்குள் மரம் நிற்கும் இடத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது மயிலையின் வெகுநாள் ஆசை.

வாய்க்கால் கரையில் ஒரு நண்டு தன் வளைக்குள்ளிருந்து சேற்றை அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு, விருந்தாளியா? போயும் போயும் சித்திரையிலா வந்தீங்க? மார்கழியில் வந்திருந்தால் ராஜா மாதிரி சுற்றலாமே!" என்றாள் நண்டு.

செவலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர் மணலில் சோளத்தைப் போட்டால் பொரியும், நண்டக்கா. இதெல்லாம் ஒரு வெயிலா?"

"வெயிலை யார் சொன்னது? இங்கே ஆளைப் படுத்துறது புழுக்கம்."

"அது நிழலிலேயே வளர்ந்தவங்களுக்கு!"

மயிலை அவன் வாலைக் கவ்வி இழுத்தாள். "வந்த இடத்தில் பீற்றிக்காதீங்க."

உச்சிப்பொழுதில் மரங்களுக்கு நடுவே ஓர் இலைகூட அசையவில்லை. மயிலை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தாள்.

"என்னங்க, யாரோ நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு."

"இவ்வளவுதானே? நான் இருக்கேன்" என்றான் செவலை.

உடம்பை நனைத்துக்கொண்டு வளைக்குள் ஒடுங்கினால், ஈரம் காயக் காயக் குளிர்ந்துவிடும். அவன் ஊரில் அது தப்பாத வைத்தியம். மயிலையை வாய்க்காலில் முக்கி எடுத்தான். கரையில் வளை தோண்டிப் படுக்க வைத்தான். வெளியே இருக்கும் சூடு உள்ளே வராதபடி தழையால் வாயிலையும் அடைத்தான்.

ஈரம் காயவே இல்லை. வளைக்குள் ஆவிதான் மண்டியது.

"மயிலை! ஏ மயிலை!"

தழையை விலக்கிப் பார்த்தால், அவள் கண் செருகிக் கிடந்தாள். செவலை வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் மேல் ஊற்றினான். மறுபடியும் ஊற்றினான். அலறல் கேட்டு நண்டு பக்கவாட்டில் ஓடிவந்தாள்.

"அட பாவி அண்ணே! பெண்டாட்டியை அவிக்கிறீங்களா? ஈரம் காயக் காத்து வேணும். மேட்டு மணலுக்குக் கொண்டு போங்க. கடல்காத்து அங்கேதான் அடிக்கும்."

"அந்த வெட்டவெளிக்கா?" செவலை பின்னால் நகர்ந்தான். "உச்சிவெயிலில் நிழலை விட்டுப் போய்த்தான் எங்க அம்மா செத்தாள், அக்கா."

"அது உங்க ஊரில்."

செவலை மணலைப் பார்த்தான். கண் கூசியது, கால் எழவில்லை. அப்போது மயிலையின் மூச்சு ஒரு தடவை நின்று, பிறகு வந்தது. அவ்வளவுதான். பிடரியைக் கவ்வி அவளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினான்.

மேட்டில் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. அவள் மேல் வெயில் படாதபடி செவலை தன் உடம்பையே நிழலாக்கி நின்றான்.

"காத்தை மறைக்காதீங்க!" என்று நண்டு கத்தினாள்.

"இந்தப் பக்கம் நிற்கட்டுமா, அக்கா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

தள்ளி நின்றான். மயிலையின் ரோமம் ஒவ்வொன்றாகக் காய்ந்து சிலிர்த்தது. வெகுநேரம் கழித்து அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அதோ தெரியுதே, அதுதான் கடலா?"

"தெரியலையே, மயிலை. நண்டக்காவைக் கேட்டுச் சொல்றேன்."

"கடலேதான்" என்றாள் நண்டு. "ஆசைப்பட்டு அதைக் குடிச்சு வைக்காதீங்க."

அதற்குள் கடல் பொங்கி, ஓதம் வாய்க்காலில் ஏறி, நண்டின் வளையைச் சேற்றால் மூடியிருந்தது. நண்டு கீழே இறங்கிப் போய், ஒரு கை சேற்றை அள்ளி வெளியே போட்டாள்.

நீதி: புது ஊருக்குப் போனால், அங்கே வாழ்கிறவரைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டும்.